விபத்தில்லா ஓட்டுநர் படம் பார்க்கப் போனது

பணிமனையில் அவருக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதை வாங்கிப் படிக்கிற அவசியம் எவருக்கும் வந்ததில்லை. "நிதானம் வந்தாச்சா?" என்று நேரக் காப்பாளர் கேட்பார். "நிதானமா வர்றாரு" என்று யாராவது பதில் சொல்வார்கள். இருபத்தாறு வருடமாக அதே பகடி, அதே சிரிப்பு. அவரும் கூடவே சிரிப்பார். ரயில் நிலையத்தில் புறப்பட்டு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை வளைவு, மேம்பாலம் என்று துணி ஆலை வாசல் வரை போகிற பதினேழாம் எண் பேருந்து அவருடையது. இத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நாமாக இருந்தால் இன்னும் அதிகமாகவே இருந்திருக்கும்.

போன மாதம் அவருக்கு விபத்தில்லா ஓட்டுநர் விருது கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று. மேடையில் மேலாளர் அந்தச் சந்தை வளைவுக் கதையைச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி எங்கிருந்தோ வண்டிக்கு முன்னால் வந்துவிட்டதும், நிதானம் கண் இமைப்பதற்குள் பிரேக் போட்டு ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தியதும் ஊருக்கே தெரிந்த கதை. தெரியாதவர்களுக்கு நிதானமே சொல்லியிருக்கிறார். "பாப்பா எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலை, கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு" என்பார். "கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வண்டி ஓட்டுகிற மனிதர்" என்று மேலாளர் முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமானது. முன்வரிசையில் அவர் வண்டி நடத்துநர் மட்டும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அந்த நடத்துநருக்கு விசில் என்று பெயர். நிதானத்தைவிட எட்டு வயது இளையவன், ஒன்பது வருடமாக அதே வண்டியில் அவரோடு இருப்பவன். அவனுக்கு டிக்கெட் செக்கராகப் பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கேட்டால், "நின்னு நின்னு பழகிடுச்சு, உக்காந்தா இடுப்பு வலிக்குது" என்பான். பணிமனையே அவனைப் பைத்தியக்காரன் என்றது. நிதானமும் பிழைக்கத் தெரியாத ஆள் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை மேலாளர் அவனைக் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை புது வேலை, பதினேழாம் எண்ணுக்கு வேறு நடத்துநர் என்று உத்தரவே வந்துவிட்டது.

இருவருக்கும் இடையில் ஒரு பேச்சு உண்டு, வாய் இல்லாத பேச்சு. நிற்கவும் புறப்படவும் விசில் சத்தம். இடப்பக்கத்துக்குத் தட்டு. முன்படிக்கட்டில் நின்றுகொண்டு, விரலில் போட்ட இரும்பு மோதிரத்தால் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் இடப்பக்கம் ஆளிருக்கிறது, பொறு என்று அர்த்தம். இரண்டு தட்டினால் காலியாக இருக்கிறது, போகலாம். எல்லா நடத்துநர்களும் எப்போதாவது தட்டுவார்கள். விசில் கொஞ்சம் அதிகமாகத் தட்டுவான். கைக்கு அரிப்பு என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பணிமனைச் சங்கத்தார் எல்லாரையும் குடும்பத்தோடு சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள். உலகம் அழிந்துபோன பிறகு நடக்கிற சண்டைப் படம். சாதாரணமாக இந்த மாதிரிப் படத்துக்கு நாற்பது பேர் கிளம்ப மாட்டார்கள். ஆனால் இதில் கதாநாயகி ஓட்டுவது ஒரு பேருந்து என்று கேள்விப்பட்டதும் பணிமனைக்குத் தாங்கவில்லை. படத்தின் பெயர் எவர் வாயிலும் நுழையவில்லை. "அந்த பஸ் படம்" என்றே சொன்னார்கள். போய்வர அவருடைய வண்டியையே கேட்டு வாங்கினார்கள். விருது வாங்கியவர்தான் ஓட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். நிதானம் வெளியில் வேண்டாம் என்றார், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்.

கிளம்பும்போதே மனைவியிடம் ஒரு பாட்டு வாங்கினார். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிற தையற்காரி, ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். வாசல் நிலையில் அவருடைய இடது தோள் மோதியதைப் பார்த்துவிட்டாள்.

"இருபது வருஷமா இருக்கிற நிலை. நேத்தா வச்சாங்க? கண்ணை எங்கதான் வச்சிருக்கீங்க?"

"வண்டி மேல வச்சிருக்கேன்," என்றார் அவர்.

அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தத் தோளில் எப்போதும் ஒரு கன்றல் உண்டு. சாப்பிடும்போது இடக்கைப் பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டித் தட்டிவிடுகிறார் என்று, அவள் கொஞ்ச நாளாக வலப்பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வருடா வருடம் கண் பரிசோதனை நடக்கிறது. சுவரில் எழுத்து அட்டை, எதிரே நாற்காலி. கடைசி வரியில் எறும்பு மாதிரி இருக்கிற எழுத்தை நிதானம் கடகடவென்று படித்துவிடுவார். "பருந்துக் கண்ணு சார் உங்களுக்கு" என்று அந்தப் பெண் முத்திரை குத்திக் கொடுப்பாள். பக்கவாட்டில் என்ன தெரிகிறது என்று அவளும் கேட்டதில்லை, அது கேட்க வேண்டிய கேள்வி என்று அவருக்கும் தோன்றியதில்லை.

நாற்பது பேரையும் ஏற்றிக்கொண்டு வழக்கம்போல் நிதானமாகப் போனார். விசில் சும்மா உட்கார்ந்து வந்திருக்கலாம், சீருடைகூட இல்லை. ஆனாலும் முன்படிக்கட்டில் நின்று தட்டிக்கொண்டே வந்தான். "டேய், இன்னிக்காவது உக்காரேண்டா" என்று அவர் சொன்னதற்கு, "நாளைக்குத்தான் உக்காரணுமே அண்ணே" என்றான்.

மொத்தமாக எடுத்த சீட்டு என்பதால் தியேட்டர்காரன் முன்னாலிருந்து மூன்றாவது, நான்காவது வரிசைகளைத் தள்ளிவிட்டிருந்தான். திரை சுவருக்குச் சுவர் நின்றது. மூன்றாவது வரிசையில் நிதானம். வலப்பக்கம் மனைவி, இடப்பக்கம் விசில். பின்னால் கிரீஸ் என்று அழைக்கப்பட்ட மெக்கானிக்கும், ராக்கெட் என்று அழைக்கப்பட்ட ஓட்டுநரும் தத்தம் மனைவியரோடு. ராக்கெட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை.

படம் தொடங்கியது. கடல் வற்றிப்போன உலகம். வெடித்துக் கிடக்கிற கடல் தரையில் துருப்பிடித்த பேருந்து ஒன்று, உயிரோடு மிஞ்சியிருக்கிற ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, எங்கோ தண்ணீர் இருப்பதாகச் சொல்லப்பட்ட திசையில் போகிறது. ஓட்டுபவள் தலையை மொட்டையடித்த ஒரு பெண். கப்பல் எலும்புக்கூடுகளுக்குள் ஒளிந்திருந்து கொள்ளைக்காரர்கள் துரத்துகிறார்கள். படம் இவ்வளவுதான், ஆனால் இவ்வளவையும் மூச்சு விடாமல் எடுத்திருந்தார்கள்.

பணிமனைக்காரர்கள் படம் பார்க்கிற விதமே வேறு.

"உலகமே அழிஞ்சுபோச்சு, டீசல் மட்டும் தீரலையாம்," என்றான் கிரீஸ்.

"அவ பாட்டுக்கு ரெண்டாவது கியர்லயே போறா பாரு. இஞ்சின் என்னத்துக்காகும்?" என்றான் ராக்கெட்.

"அந்தச் சத்தம் கேட்டியா? கிளட்ச் போச்சு. நான் எழுதித் தர்றேன், போச்சு."

"ரிவர்ஸ் எடுடி! எடுடி!" என்று ராக்கெட் எழுந்தே விட்டான். அவன் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். முன்னால் இருந்த பொதுஜனம் திரும்பித் திரும்பி முறைத்தது.

நிதானமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எந்த வண்டியில் போனாலும் அந்தக் கால் அப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு விஷயம் உறுத்தியது. அரங்கமே அலறிய பிறகுதான் அவருக்கு எதற்கு அலறினார்கள் என்று தெரிகிறது. கொள்ளைக்காரன் தாவிவிட்டான், ஜனம் கத்திவிட்டது, அதற்குப் பிறகு அவன் திரையின் நடுவுக்கு வருகிறான், அப்போதுதான் அவர் பார்க்கிறார். முதலில், எல்லாரும் இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தார். தன் மனைவிகூட முந்திக்கொண்டு "ஐயோ" என்றதும் அந்தச் சமாதானம் போய்விட்டது. அவள் படம் பார்த்தே மூன்று வருடமாகிறது.

பிறகு இன்னொன்றைக் கவனித்தார். அவர் கால் மட்டும் தாமதிக்கவில்லை. ஜனம் அலறுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அவருடைய கால் அழுந்துகிறது. கண்ணுக்குத் தெரியாதது காலுக்கு எப்படித் தெரிகிறது?

டக்.

நாற்காலியின் இரும்புக் கையில் ஒரு தட்டு. அவர் கால் அழுந்தியது. திரையில் இடப்பக்கத்திலிருந்து ஒரு கொக்கி பறந்து வந்து பேருந்தில் மாட்டியது.

டக். கால் அழுந்தியது. இடப்பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள்.

நிதானம் மெல்லத் தலையைத் திருப்பினார். விசில் வாயைப் பிளந்து படம் பார்த்துக்கொண்டிருந்தான். மோதிரம் போட்ட விரல் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. தான் தட்டுவது அவனுக்கே தெரியவில்லை. ஒரு பேருந்து ஓடுகிறது, இடப்பக்கம் ஆள் வருகிறான், விரல் தட்டுகிறது, அவ்வளவுதான்.

கண்ணைக் கசக்குவதுபோல் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு, திரையில் ஓட்டுகிறவளின் முகத்தையே நேராகப் பார்த்தார். அவள் முகம் தெரிந்தது. முகத்துக்கு இடப்பக்கம் திரை இல்லை. இருட்டாக இல்லை, மங்கலாகவும் இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்கு இருட்டாகவா தெரிகிறது? அந்த மாதிரி, அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார். கொஞ்சம் தேவலை. ஆனாலும் திரையின் இடது ஓரத்தை யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கழுத்தைத் திருப்பினால் அந்த ஓரம் வந்தது. நேராகப் பார்த்தால் போய்விட்டது. நாலைந்து முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுத்து வலிக்குதா?" என்றாள் மனைவி.

"ம்," என்றார்.

இடைவேளை விட்டார்கள். வெளிக்கூடத்தில் குளிர்பானக் கடை முன்னால் கூட்டம் மொய்த்தது. நிதானம் விசிலின் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய் இருக்கிற மூலைக்குக் கூட்டிப்போனார்.

"உள்ள நீ தட்டிக்கிட்டே இருந்த, தெரியுமா?"

"நானா? எங்க அண்ணே?"

"சீட்டுல. இடப்பக்கம் ஆள் வர்றப்பல்லாம்."

விசில் தன் விரலைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் அந்த இடத்தில் ஒன்று சொல்லியிருப்பான். இவன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டான்.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்றார் அவர்.

"சந்தை வளைவுலேர்ந்து."

"எந்தச் சந்தை வளைவு?"

"அண்ணே, அந்தப் பாப்பா எங்கேர்ந்தோ வரலை. அது பாட்டுக்கு ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு. பையை நெஞ்சோட கட்டிக்கிட்டு, நம்ம வண்டி போகட்டும்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க அது மேலயே திருப்புனீங்க."

"நான் பிரேக் போட்டேனே."

"போட்டீங்க. நான் தட்டுனதுக்கப்புறம்."

நிதானம் சுவரில் சாய்ந்துகொண்டார். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் அந்தக் கதையை! மேடையில் கைகட்டி நின்று வேறு கேட்டிருக்கிறார். வெட்கமா பயமா என்று தெரியவில்லை, காது இரண்டும் சுட்டன.

"ஏண்டா சொல்லலை?"

"பத்து தடவை வாயைத் திறந்திருப்பேன் அண்ணே. சொன்னா மறுநாளே உங்களைக் கொண்டுபோய் டயர் கொட்டகையில உக்கார வச்சிருவாங்க. பழைய டயரை எண்ணிக்கிட்டு... நீங்க இருப்பீங்களா அங்க? சரி, நான்தான் பக்கத்துல இருக்கேனேன்னு விட்டுட்டேன். அப்புறம் நாள் போகப் போகச் சொல்லவே முடியலை. ஏன் அன்னிக்கே சொல்லலைன்னு கேப்பீங்களே."

"செக்கர் வேலையை வேணாம்னது இதுக்குத்தானா?"

விசில் திறந்திருந்த குழாயை இறுக்கி மூடினான்.

அவருக்குக் கோபம் வந்தது. இருபத்தாறு வருடத்தில் யாரும் பார்க்காத கோபம், அதுவும் அடிக்குரலில் வந்தது. "நாப்பது அம்பது பேரை ஏத்திக்கிட்டு உன் ஒத்தை விரலை நம்பியாடா ஓட்டிக்கிட்டு இருந்தேன்? உனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்திருந்தா?"

"வந்துச்சு அண்ணே. ரெண்டு தடவை வந்துச்சு. காய்ச்சலோடதான் வேலைக்கு வந்தேன். எனக்கு மட்டும் தூக்கம் வந்துச்சுன்னு நினைக்கிறீங்களா?"

அதற்கு மேல் கோபப்பட அவரிடம் எதுவும் இல்லை. அவன் செய்தது தப்பு, பெரிய தப்பு. அந்தத் தப்பில்தான் அவர் இரண்டு வருடமாகத் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு யாரு வர்றாங்க?"

"புதுசா ஒரு பொண்ணு. நேத்து போய்ப் பாத்தேன். பதினேழுல முன்படிக்கட்டுலதான் நிக்கணும், தட்டிக்கிட்டே இருக்கணும்மான்னு சொன்னேன். எதுக்கு அண்ணான்னு கேட்டுச்சு. எனக்கு வாயே வரலை."

மணி அடித்துவிட்டது. ஜனம் உள்ளே போயிற்று. அவர்களும் போனார்கள். வேறு எங்கே போவது?

இரண்டாம் பாதியை நிதானம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தார். இப்போது விசில் கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்ததால் தட்டும் இல்லை. இடப்பக்கத்திலிருந்து என்னென்னவோ வந்தன, எல்லாமே அவருக்கு வெறும் ஆளாகவும் இரும்பாகவும் திடீர் திடீரென்று முளைத்தன. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை அந்தச் சந்தை வளைவு. இரண்டு வருடம். பெருக்கிப் பார்க்க ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டார். பள்ளிக்கூட நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசலில் கோலூன்றி இறங்குகிறவர்கள், ஆலைப் பெண்கள் கும்பலாக ரோட்டைக் கடப்பது, ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவரை உலுக்கியது. நடந்துவிட்ட ஒன்றுக்காக அழலாம், நடக்காமல் போனவற்றுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

திரையில் கடைசிச் சண்டை. ஓட்டுகிறவளின் முகத்தில் அடிபட்டு ஒரு கண் மூடிவிட்டது. முன்கண்ணாடி நொறுங்கி, புழுதி வாரி அடிக்கிறது. எதிரே பள்ளத்தாக்கு. பின்னால் ஐம்பது பேர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக மிதிக்கிறாள். அரங்கம் விசிலடித்தது. ராக்கெட் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். கிரீஸ்கூட கிளட்சை மறந்து கைதட்டினான்.

"நிறுத்தும்மா," என்றார் நிதானம்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"வண்டியை நிறுத்து! கண்ணு தெரியலைல்ல? நிறுத்திட்டு இறங்கு! பின்னாடி ஜனம் இருக்குதும்மா, நிறுத்து!"

கத்தியே விட்டார். இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். பணிமனைக்காரர்கள் நிதானம் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். "உங்களை மாதிரி ஓட்டினா படம் முடிய மூணு நாள் ஆகும் அண்ணே!" என்று ராக்கெட் பின்னாலிருந்து கூவினான்.

மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள். "என்னங்க இது? சினிமாங்க."

"தெரியும்," என்றார். அவள் பிடியை விடவில்லை.

கதாநாயகி பள்ளத்தாக்கைத் தாண்டினாள். தண்ணீர் வந்தது. விளக்குகள் எரிந்தன.

வெளியே நல்ல வெயில். எல்லாரும் படத்தைப் பேசிப் பேசி ஏறிக்கொண்டார்கள். நிதானம் ஓட்டுநர் கதவருகே நின்றார். சாவி சட்டைப் பையில் கனத்தது. இருபத்தைந்து நிமிட ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை, போக்குவரத்து குறைவு. விசில் படிக்கட்டில் இருக்கிறான். கடைசியாக ஒரே ஒரு முறை, அவன் தட்டத் தட்ட ஓட்டிக்கொண்டு போய்ப் பணிமனையில் விட்டுவிட்டு, மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாற்காலி அவருக்கு எவ்வளவு வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. உலகத்தில் வேறு எதையும் இவ்வளவு விரும்பியதில்லை போலிருந்தது.

ஏறி உட்கார்ந்தார். இஞ்சினைக் கிளப்பினார். ஸ்டியரிங் வழக்கமான சூட்டோடு உள்ளங்கையில் இருந்தது. நேராகப் பார்த்தார், தெரு சுத்தமாகக் காலியாக இருந்தது.

டக், என்று ஒரு தட்டு.

பொறுத்தார். கழுத்தை முழுக்கத் திருப்பினார். தெரு காலியாக இல்லை. இடப்பக்கம், மட்கார்டை ஒட்டி, தியேட்டரிலிருந்து வந்த ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் தோளில் தூங்குகிற குழந்தை. அது கையில் வைத்திருந்த பொரிப் பொட்டலம்கூடத் தெரிந்தது. அவர்கள் கடந்து போனார்கள்.

டக் டக்.

நிதானம் இஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"ராக்கெட், இங்க வா. நீ ஓட்டு."

"நானா?" அவன் நம்பவில்லை. "இந்தப் படத்தைப் பாத்த கையோட என்கிட்ட வண்டியைக் குடுக்குறீங்களே, பயமா இல்லையா அண்ணே?"

"அண்ணனுக்குப் படம் பாத்து வயிறு கலங்கிடுச்சுடா!" என்றான் கிரீஸ். பேருந்து குலுங்கிச் சிரித்தது.

"ஆமா," என்றார் நிதானம். "பயந்துட்டேன். நீ நிதானமா ஓட்டு."

அதற்கும் சிரித்தார்கள். தலைவலி, அசதி என்று என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நாளைக் காலையில் மேலாளரிடம் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். இந்த நாற்பது பேர் முன்னால் இப்போது முடியாது, வாய் வரவில்லை. வலப்பக்கம் மூன்றாவது வரிசையில் சன்னலோரம் போய் உட்கார்ந்தார். மனைவி அவருக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். பயணியாக அந்த வண்டியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. இருக்கை இவ்வளவு கெட்டி என்று இத்தனை வருடம் யாருமே அவரிடம் சொன்னதில்லை.

ராக்கெட் நல்ல பிள்ளையாகத்தான் ஓட்டினான். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற மரியாதை. மேம்பாலம் இறங்கி, சந்தை வளைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தை, ஓரமெல்லாம் ஆட்கள்.

டக், என்று தட்டினான் விசில்.

ராக்கெட் வேகத்தைக் குறைத்தான். மறுபடி ஒரு டக். இன்னொரு டக்.

"அண்ணே, எதுக்கு இந்தத் தட்டுத் தட்டுறீங்க?" என்று ராக்கெட் சிரித்துக்கொண்டே கத்தினான். "எனக்குத்தான் கண்ணு தெரியுதே!"

பேருந்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். விசில் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. பிறகு திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தான். அப்படிப் பார்த்திருக்கக் கூடாது என்று உடனே புரிந்துவிட்டது போலும், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஆனால் தையற்காரி பார்த்துவிட்டாள்.

நிதானம் நேரே முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எதையெதையோ எடுத்து வைத்துத் தைத்துப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. வாசல் நிலை, டம்ளர், தியேட்டரில் போட்ட கத்தல், கையிலிருந்து போன சாவி. தடுக்க ஒரு வழியும் தெரியவில்லை.

இடது காதோரம் வளையல் சத்தம் கேட்டது. கலகலவென்று, விட்டு விட்டு. வேறு எதுவும் அங்கே இல்லை.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "கையை ஆட்டுறேன்."

"சத்தம் கேக்குது."

"கை தெரியுதா?"

திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கொஞ்சமே கொஞ்சம் கழுத்தை அசைத்திருந்தால் போதும். இரண்டு வருடமாகத் தன்னை அறியாமலே அப்படித்தான் சமாளித்திருக்கிறார். இந்த முறை அசைக்கவில்லை.

"தெரியலைம்மா," என்றார்.

பேருந்து சந்தையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வளையல் சத்தம் நிற்கவில்லை. அவள் இன்னும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.